நெற்றியிலிருந்து எடுத்த மூக்கு

இப்படிச் சுவத்தோரமா வந்து உக்காருங்க. அந்த நாற்காலிக்குக் கால் ஒண்ணு சரியில்லீங்க.

நர்ஸம்மா சொல்லுச்சு. உங்க வீட்டுலயும் நாளைக்குக் காலையில இதே ஆபரேசனாமா? மூக்குத்தானுங்களே? வலப்பக்கமுங்களா. எங்க வீட்டுல இடப்பக்கம். "அதோ அவருகிட்டப் போய்க் கேளுங்க, மொதல்ல இருந்து கூடவே இருந்தவரு"ன்னு சொல்லி அனுப்புச்சாக்கும்? நல்ல புள்ளைங்க அது. நீங்க எதுக்கும் வெசனப்படாதீங்க. நான் ஒண்ணு விடாமச் சொல்றேன். உள்ள இருந்து கூப்பிடற வரைக்கும் எனக்கும் வேற வேலை இல்ல. ஒரு மணி நேரமாகும்னாங்க. முக்கா மணி ஆயிப்போச்சு. இன்னும் கதவு தொறக்கல.

என்ற பேரு திருமூர்த்தி. உடுமலைக்குத் தெக்க எங்க ஊரு. பால் சொசைட்டியில இருபத்தெட்டு வருசம் செயலாளரா இருந்தவனுங்க. கேன் மூடியத் தொறந்தாப் போதும், கருவியே வேண்டாம், தண்ணி கலந்திருக்குதா இல்லையான்னு கண்ணுல பாத்தே சொல்லிப்போடுவேன். எதையும் பாத்து எடை போடறவன் நானு. அதனால நான் சொல்றத நீங்க தைரியமா எடுத்துக்கலாம்.

என்ற சம்சாரம் கோகிலாமணி. போஸ்ட்டு வேலை. ஆபீசுல உக்காந்து முத்திரை குத்தற வேலை இல்லீங்க, தோட்டந்தோட்டமாப் போய்த் தபால் குடுக்கற வேலை. முப்பத்தொரு வருசம். மொதல்ல சைக்கிளு, பொறவு ஸ்கூட்டி. எட்டு ஊரு சுத்தோணும். பங்குனி, சித்திரைன்னு பாக்க முடியாது. "தொப்பி போட மாட்டீங்களா?"ன்னு இங்க ஆபரேசன் பண்ற டாக்டரம்மா கேட்டாங்க. ஒரு தடவை போட்டுட்டுப் போனா. நாந்தான் வேண்டாம்னேன். செயலாளர் சம்சாரம் தொப்பி போட்டுட்டுத் திரிஞ்சா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. வெயில்னாலதான் இந்தச் சீக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க. எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல. வெயில்ல எல்லாருந்தான் நிக்கறாங்க.

மொதல்ல கடுகாட்டம் ஒரு பரு. மூக்குத்திக்கு ஒட்டுனாப்புல. மினுமினுன்னு இருந்துச்சாமா. பொருக்குக் கட்டும், உதிரும், ஆறின மாதிரி இருக்கும், மறுக்காவும் ரத்தம் கசியும். தலகாணி உறையில ஒரு பொட்டு ரத்தம் இருக்கும், அதை மட்டும் நான் கவனிச்சிருக்கறேன். கொசுக்கடின்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னா. "திருகு உறுத்தும், கழட்டி வெய்யி"ன்னேன். கழட்டி வெச்சுட்டா. அதுக்கப்புறம் அவளும் சொல்லல, நானும் கேக்கல. சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்ல? இப்படி ரெண்டு வருசம் ஓடிப்போச்சு.

பொறவு எங்கூருப் பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. கண்ணைக் காட்டப் போனாளுங்க இவ. அந்த டாக்டரு கண்ணைப் பாக்காம மூக்கையே பாத்துட்டு இருந்தாராம். எத்தனை நாளா இருக்குதுன்னு கேட்டிருக்கறாரு. ரெண்டு வருசம்னு சொல்லியிருக்கறா. "வீட்டுல யாரும் பாக்கலீங்களா?"ன்னு கேட்டிருக்கறாரு. பாருங்க, கண் டாக்டருக்கு எதுக்கு அந்தக் கேள்வி? ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்து, "நாளைக்கே கோயமுத்தூர் போங்க"ன்னு சொல்லிட்டாரு.

இங்க வந்து ஒரு துளி சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிச்சாங்க. பத்து நாள்ல முடிவு வந்துச்சு. தோல்ல கேன்சர். அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்குக் காது அடைச்சுப் போச்சுங்க. அப்படியே தரையில உக்காந்துட்டேன். இவதான் ஓடிப்போய்த் தண்ணி வாங்கியாந்தா. சீக்கு அவளுக்கு, தண்ணி எனக்கு. உசுருக்கு ஒண்ணும் ஆகாது, பரவற சாதி இல்ல, ஆனா இருந்த எடத்துல இருந்தே அரிச்சுக்கிட்டுப் போகும், கண்ணோரம் போறதுக்கு முந்தி சுத்தமா எடுத்துப்போடோணும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

எடுத்தாங்க. மூக்கோட இடப்பக்க மடலு, நுனியில பாதி. எடுத்ததை ஓரம் ஓரமாப் பரிசோதனை பண்ணி, எங்கயும் மிச்சமில்லைன்னு எழுதி வரோணும். அது வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் அந்தக் குழிய அப்படியே பஞ்சு வெச்சுக் கட்டி வெச்சிருந்தாங்க. தினமும் கட்டு மாத்தோணும். என்ற பையன் நவநீதன் திருப்பூர்ல வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து மாத்தினான். எனக்குக் கை நடுங்குமுங்க, சக்கரை இருக்குதில்ல. கை நடுங்கறவன் அந்த வேலையச் செய்யக் கூடாது. நான் முன்னால ரூம்ல போனைப் பாத்துக்கிட்டேன். ஒறம்பரை, சொந்தபந்தம்னு எத்தனை பேரு கூப்பிட்டாங்கங்கறீங்க! அத்தனை பேருக்கும் பதில் சொன்னது யாரு? நாந்தான். "சைனஸ் ஆபரேசன், ஒண்ணுமில்லைங்க"ன்னு சொன்னேன்.

பொய்யில்லீங்க அது. மூக்குல ஆபரேசன்தானே?

இப்ப நாளைக்கு உங்க வீட்டுல பண்ணப் போறதைச் சொல்றேன், கேட்டுக்கோங்க. நெத்தியில இருந்து ஒரு பட்டைத் தோலை உரிச்சு எடுப்பாங்க. ஆனா முழுசா அறுத்து எடுக்க மாட்டாங்க. புருவத்துக்கிட்ட அடிப்பக்கம் ஒட்டியே இருக்கும். அந்தப் பட்டையத் திருகிக் கீழ இறக்கி, மூக்குல குழி இருக்கற எடத்துல வெச்சுத் தைச்சுருவாங்க. உள்ள முட்டுக் குடுக்கறதுக்குக் காதுல இருந்து குருத்தெலும்பு. ரத்தம் புருவத்துல இருந்து அந்தப் பட்டை வழியா மூக்குக்கு வந்துக்கிட்டு இருக்கும். மூணு வாரத்துல புதுத் தோலு மூக்கோட சேந்து அதுவே ரத்தம் எடுத்துக்கும். அப்பத்தான் நடுவுல இருக்கற பட்டைய வெட்டுவாங்க. அதைத்தான் இப்ப உள்ள வெட்டிக்கிட்டு இருக்கறாங்க.

அந்த மூணு வாரந்தாங்க. புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு சதைக் கயிறு தொங்கும். பெருவிரல் தண்டி இருக்கும்னு நவநீதன் சொன்னான். முதல் ரெண்டு நாள் மணிக்கொரு தடவை நர்ஸு வந்து விரல்ல அழுத்திப் பாக்கும். அழுத்தினா வெளுக்கோணும், விட்டா செவக்கோணும். வெளுத்தே கெடந்தா ரத்தம் வரலைன்னு அர்த்தம். நீலமாப் போனா வந்த ரத்தம் திரும்பப் போகலைன்னு அர்த்தம். ரெண்டும் ஆபத்து. பட்டை செத்துப் போச்சுன்னா அவ்வளவுதான், நெத்தியும் போச்சு, மூக்கும் போச்சு. நான் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே கேப்பேன், "என்ன நெறம்?" "செவப்புப்பா." "நல்லாப் பாத்தியா?" "நீங்களே வந்து பாருங்கப்பா." "நீ பாத்தாப் போதும் போ." மணிக்கொரு தடவை. ரெண்டு நாள் நான் கண்ணை மூடலீங்க. அத்தனை அக்கறை. கேட்டுப் பாருங்க நர்ஸம்மாவை.

சித்த இருங்க. கதவு தொறக்குது.

இல்ல, வேற யாரோ.

ஆறாம் நாளு வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. இப்ப நான் சொல்லப் போறதை நீங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். இதுக்குத்தான் என்ற மனசு ஆறவே மாட்டேங்குது.

நவநீதனுக்குத் தாராபுரத்துப் பக்கம் ஒரு பொண்ணு பேசியிருந்தோம். மிருதுளான்னு பேரு. பிசியோதெரபி படிச்ச புள்ளை. நல்ல குடும்பம். உப்புச் சக்கரை மாத்தறதுக்கு நாள் குறிச்சாச்சு. எங்கள்ல நிச்சயம் பண்றதை அப்படித்தானுங்க சொல்றது. நாள் குறிச்ச பொறவுதான் இந்தச் சீக்கே தெரிஞ்சுது. கணக்குப் போட்டுப் பாத்தா, பட்டை தொங்கற பன்னண்டாவது நாள்ல வந்து விழுது. தேதியத் தள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா என்ன சொல்றது? கேன்சர்னு சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்க? நவநீதன் தள்ளி வெச்சரலாம்னுதான் சொன்னான். இவளும் சொன்னா. "சொல்லீருங்க, அவிங்க நல்லவிங்களாத்தான் தெரியுது"ன்னா. பொம்பளைக்கு வெளி உலகம் தெரியுமுங்களா? நாந்தான் ஒரே பிடியா நின்னேன்.

மாப்பிள்ளைக்குத் தாயி இல்லாம உப்புச் சக்கரை மாத்த முடியாது. பொண்ணுக்குப் பொட்டு வெச்சுப் பூ வெக்கறது அவதான். அதுக்குத்தான் மாஸ்க் யோசனை. இப்பத்தான் எல்லாரும் போடறாங்களே, சளின்னு சொல்லிக்கலாம். நெத்திக்கட்டை முந்தானையத் தூக்கிப் போட்டு மறைச்சுக்கலாம். ஆனா அந்தச் சதைக் கயிறு தூக்கிட்டு நிக்குதா, மாஸ்க் நிக்காம வழுகி வழுகி வருது. அதனால நானே அவளுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, காதுல மாட்டற கயித்தை இழுத்துப் பின்னந்தலையில முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். "இறுக்கமா இருக்குதுங்க"ன்னா. "அரை மணி நேரந்தான்"னேன்.

அரை மணி நேரம்னு நெனச்சுத்தானுங்க கட்டினேன். எங்க ஊருல இருந்து தாராபுரம் போகவே ஒரு மணி நேரம். கார்ல ஏறறப்பவே கட்டினதுக்குக் காரணம், கூட வந்த என்ற அண்ணன் குடும்பத்துக்கும் தெரியக் கூடாதுல்ல. அங்க போனா, ஜோசியரு நல்ல நேரம் பதினொண்ணுக்கு மேலன்னுட்டாரு. பேச்சு, பலகாரம், பேச்சு. இவ பலகாரம் சாப்பிடல. "விரதமுங்க"ன்னு நான் சொல்லிச் சமாளிச்சேன். ஒரு தடவை எங்கிட்ட வந்து, "ஏனுங்க, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது"ன்னா. "சித்தப் பொறு"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்து, "இப்பத் தெறிக்கல, மதமதன்னு இருக்குது"ன்னா. "பாத்தியா, சரியாயிருச்சு"ன்னேன்.

எனக்கென்ன தெரியும்? நான் டாக்டரா?

பதினொண்ணே காலுக்குத் தட்டு எடுத்தாங்க. அந்தப் புள்ளை மிருதுளா பட்டுச் சேலை கட்டிட்டு வந்து பாய்ல உக்காந்துச்சு. இவ எதுத்தாப்புல உக்காந்து, குங்குமத்தைத் தொட்டுப் பொட்டு வெக்கக் கையத் தூக்கறா. அந்தப் புள்ளை நிமிந்து பாத்துச்சு. பாத்துட்டே இருந்துச்சு. "அத்தை, மாஸ்க் நனைஞ்சிருக்குது"ன்னு மெதுவாச் சொல்லுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஓரத்துல செவப்பா ஊறியிருந்துச்சு. "சளிம்மா"ன்னேன். அந்தப் புள்ளை என்னைத் திரும்பியே பாக்கலீங்க. "அத்தை, கழட்டுங்க"ன்னுச்சு.

இவ என்னைப் பாத்தா. நான் தலைய ஆட்டினேன், வேண்டாம்னு. எல்லாத்துக்கும் தெரியற மாதிரியில்ல, லேசா. முப்பத்திரெண்டு வருசத்துல நான் தலையாட்டி அவ மீறினதில்லீங்க. என்னைப் பாத்துக்கிட்டே கையப் பின்னால கொண்டு போயி, முடிச்சு அவுரலைன்னதும் கயித்தைப் பிச்சுப்போட்டா.

அறுபது பேரு இருந்தோமுங்க அந்தப் பந்தல்ல. ஒரு குழந்தை வீல்னு கத்துச்சு. நானா? நான் தாம்பாளத்தைப் பாத்துட்டு நின்னேன். வெத்தலை, வாழைப்பழம், ஒரு கிண்ணத்துல உப்பு, ஒரு கிண்ணத்துல சக்கரை. இப்பவும் கண்ணுக்குள்ளயே இருக்குது.

அந்தப் புள்ளைதாங்க எந்திரிச்சுச்சு. பட்டுச் சேலையத் தூக்கிச் சொருகிட்டு, இவ தலையப் புடிச்சு நிமித்தி விரல்ல அழுத்திப் பாத்துச்சு. "நீலமா இருக்குது, அழுத்தினா நெறம் மாறல. எப்ப இருந்து கட்டியிருக்கீங்க? யாரு கட்டினது?" நான் தாம்பாளத்தை விட்டு நிமிரல. "நவநீதன், டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்புங்க. அப்பா, கார் சாவி." அவ்வளவுதான். நிச்சயப் பொண்ணு, மாலைகூடப் போடல, இவளைப் பின் சீட்டுல சாச்சு உக்கார வெச்சு, தலை சாயாமப் புடிச்சுக்கிட்டே கோயமுத்தூர் வரைக்கும் வந்துச்சு. நான் முன் சீட்டு. டிரைவர் பக்கத்துல யாராவது வழி சொல்லோணும்ல. பின்னால இருந்து நவநீதன், "இன்னும் நீலந்தான்"ங்கறான். பல்லடம் தாண்டறோம், "இன்னும் நீலந்தான்." சூலூரு. "கருக்கற மாதிரி இருக்குது." சிக்னல்ல வண்டி நிக்குது, எனக்குக் கதவைத் தொறந்து இறங்கி ஓடிரலாமான்னு இருந்துச்சு.

டாக்டரம்மா வாசல்லயே நின்னாங்க. தையல் நாலு பிரிச்சுவிட்டு, ஊசியால குத்திக் கெட்ட ரத்தத்தை வடிய வெச்சாங்க. குத்தினா மொதல்ல கறுப்பா வந்துச்சாம். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் செவப்பா வர ஆரம்பிச்சுதாம். வெளிய வந்து அந்த மாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாங்க. "இந்த முடிச்சுப் போட்டது யாரு?" நான் சொன்னேன், "அரை மணி நேரந்தான் போடச் சொன்னேன், இவதான் கழட்டாம வெச்சிருந்தா"ன்னு. உண்மைதானே? கையி அவகிட்டத்தானே இருந்துச்சு? டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. பெரிய டாக்டருகளுக்கு எல்லாம் கொஞ்சம் முன்கோபமுங்க. நீங்க கண்டுக்காதீங்க.

பட்டை பொழச்சுக்கிச்சு. ஓரத்துல அரிசி அளவுதான் கருகிப்போச்சு.

ஆனா சம்பந்தம் போச்சுங்க. ரெண்டு நாள் கழிச்சு பொண்ணோட அப்பா போன் பண்ணினாரு. என்ன சொன்னாருங்கறீங்க? "சீக்கு யாருக்கும் வருமுங்க. என்ற அக்காளுக்கே மார்புல வந்து நல்லா இருக்கறா. அதுக்கில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே தேதியத் தள்ளி வெச்சிருப்போம். கட்டின பொண்டாட்டி ரத்தம் ஒழுக உக்காந்திருக்கறப்ப, சளின்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் எங்களால தாங்க முடியல. அந்த வீட்டுக்கு என்ற பொண்ணை எப்படி அனுப்பறது?"

எத்தனை நாசூக்காச் சொல்றாரு பாத்தீங்களா? நேராச் சொல்ல வேண்டியதுதானே, மூஞ்சிதான் காரணம்னு. அறுபது பேத்துக்கு முன்னால அதைப் பாத்துட்டு எவன் பொண்ணு குடுப்பான்? அவ மட்டும் ஒரு பத்து நிமிசம் பொறுத்திருந்தா, பொட்டு வெச்சு, பூ வெச்சு, தட்டும் மாத்தியிருக்கலாம். அதுக்கப்புறம் உள்ள ரூம்ல போய்க் கழட்டியிருக்கலாம்ல? இதைத்தான் நான் அவகிட்டயும் சொன்னேன். அன்னையில இருந்து வீட்டுல பேச்சுவார்த்தை இல்லீங்க. சோறு போட்டு வெப்பா. தண்ணி வெப்பா. நான் வேணும்னே குழம்புல உப்பு இல்லைன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். உப்பைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போயிட்டா.

அதோட நின்னாளா? பதினஞ்சாம் நாளு எந்திரிச்சுக் குளிச்சுட்டு போஸ்ட்டாபீசுக்குப் போயிட்டாளுங்க. லீவு போட்டிருக்குது, போக வேண்டிய அவசியமே இல்ல. மாஸ்க் இல்ல, முந்தானை இல்ல. அந்தச் சதைக் கயித்தோட நடுரோட்டுல நடந்து போயி, திண்ணக்குன்னு உக்காந்து தபால் பிரிச்சுக் குடுத்தாளாம். பள்ளிக்கூடத்துப் புள்ளைக சுத்தி நின்னுட்டு, "ஆத்தா, என்னது இது?"ன்னு கேட்டிருக்குதுக. "மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டறதைப் பாத்திருக்கீங்கல்ல? அது மாதிரி மூக்குக்கு ஒட்டுக் கட்டியிருக்குது. அது புடிச்சுக்கிச்சுன்னா கட்டைப் பிரிச்சுருவாங்க"ன்னு சொன்னாளாம். ஒரு பையன் தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டானாம், கையக் கழுவிட்டு வான்னாளாம். சொசைட்டியில வந்து எங்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றாங்க. எனக்கு எப்படி இருக்கும்? நான் நாலு நாள் சொசைட்டிப் பக்கமே போகல. ஊரே பாத்துருச்சுங்க அவ மூஞ்சிய. எட்டு ஊரு.

நானா?

என்ன கேட்டீங்க? நான் பாத்தேனான்னா?

அதென்ன கேள்வி. கூடவே இருக்கறவன் பாக்காம இருப்பனா? ஒரே வீடு. எதுக்கால வருவா, போவா. ஆனா எனக்குக் கண்ணாடி மாத்தோணும், கிட்டத்துல சரியாத் தெரியறதில்ல. நவநீதன் போன்ல படமெல்லாம் எடுத்து வெச்சிருக்கறான். தினமும் ஒண்ணு. போன்ல பாத்தா எனக்குக் கண்ணுல தண்ணி வருமுங்க, அந்த வெளிச்சத்துக்கு. அதனால பாக்கல. உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க ரொம்பப் பக்கத்துல போகாதீங்க. ஆம்பளைக நாம மனசு விட்டுட்டா வெளி வேலைய யாரு பாக்கறது? யாராவது சின்னவங்க இருந்தா அவிங்களை உள்ள அனுப்பிருங்க.

நவநீதனா? இங்கதான் இருக்கறான். கீழ டீ குடிக்கப் போயிருக்கறான். அந்தப் புள்ளை மிருதுளாவும் காலையிலயே வந்துருச்சு. இது மூணாவது தடவை. சம்பந்தமே இல்லைன்னு ஆன பொறவு எதுக்கு வருதுன்னு எனக்குப் புரியல. இவளைப் பாக்கத்தான் வருதாம். சும்மா ஒரு மரியாதைக்கு வருமாட்ட இருக்குது.

கதவு தொறக்குது. நர்ஸு என்ன சொல்லுச்சு? கோகிலாமணி வீட்டுக்காரரா? நான்தாம்மா. பையன் கீழ இருக்கறான், இப்ப வந்துருவான், அவனை அனுப்பறேனே. என்னையா? என்னையத்தான் வரச் சொல்றாங்களா? கட்டுப் போட்டாச்சா? இன்னும் போடலையா? போட்டுட்டுக் கூப்பிடுங்களேன். நான் எதுக்கு நடுவுல, உங்களுக்கு எடைஞ்சலா.

ஏனுங்க, நீங்க சித்தக் கூட வர்றீங்களா? இல்ல, நாளைக்கு உங்களுக்கும் உதவுமேன்னு. ஒருத்தருதான் வரோணுமாம். சரி. சரிம்மா, வர்றேன்.

இந்தப் பையப் பாத்துக்கோங்க.

*

வந்துட்டேனுங்க. பை இருக்கட்டும், அங்கயே இருக்கட்டும்.

சித்தத் தண்ணி இருந்தாக் குடுங்க.

நல்லாத்தான் இருக்கறா. மயக்க மருந்து கூட முழுசாக் குடுக்கல, மரத்துப் போறதுக்கு ஊசி போட்டுத்தான் வெட்டினாங்களாம். பெட்டுல நிமிந்து உக்காந்திருந்தா. டாக்டரம்மா பக்கத்துல கட்டுத் துணியோட நிக்கறாங்க. "கட்டறதுக்கு முந்தி நீங்க பாக்கோணும்னு அம்மா சொல்றாங்க"ன்னாங்க. நான் கதவுகிட்டயே நின்னேன். அங்க சுவத்துல ஒரு காலண்டர் இருந்துச்சு. தேதி கிழிக்கல.

ஒரு வாரமாப் பேசாதவ பேசினா. "இங்க வாங்க"ன்னா. போனேன். "கண்ணாடி குடுத்தாங்க. நான் வேண்டாம்னுட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. முந்தி மாதிரி இருக்குதுங்களா?"

நான் அவ கையப் பாத்தேன், ஊசி ஏத்தியிருந்தாங்க. ஊசி குத்தின அந்தக் கையாலயே என்ற தாடையப் புடிச்சுத் திருப்பினாளுங்க. குழந்தைக்குச் சோறு ஊட்டறப்பப் புடிப்போமே, அந்த மாதிரி. நர்ஸம்மாவுக்கு முன்னால, டாக்டரம்மாவுக்கு முன்னால.

பாத்தேன்.

நெத்தியில நடுவாந்தரமா ஒரு கோடு, முடிக்குள்ள வரைக்கும் போகுது. புருவத்துக்கிட்டத் தையலு, கறுப்பு நூலு. மூக்கு வீங்கியிருக்குது. இடப்பக்கம் கொஞ்சம் தடிச்சு, நெத்தி நெறத்துல. ஓரத்துல அந்த அரிசி அளவுத் தழும்பு. அதை நான் பாத்துட்டே இருந்தேன். அது நான் போட்ட முடிச்சுங்க.

அவ காத்துட்டு இருக்கறா. முந்தி மாதிரி இருக்குதான்னு சொல்லோணும். நான் முந்தி எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாக்கறேன். வரலீங்க. கூர்மூக்கா? நுனி இறங்கியிருந்துச்சா? கல்யாண போட்டோவுல தலையக் குனிஞ்சுட்டு நிப்பா. காலையில டீ குடுப்பா, டம்ளர் ஞாபகம் இருக்குது. ஸ்கூட்டிய ஸ்டாண்டு போடற சத்தம் ஞாபகம் இருக்குது. மூஞ்சி வர மாட்டேங்குது. முப்பத்திரெண்டு வருசமுங்க. எதையாவது சொல்லிரலாம், "அப்படியே இருக்குது"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துரலாம்னுதான் வாயத் தொறந்தேன். சைனஸ்னு சொன்ன வாயி, சளின்னு சொன்ன வாயி. அவ கண்ணு ரெண்டும் எனக்கு ஒரு சாண் முன்னால. சொல்ல வரல.

"எனக்குத் தெரியல கோகிலா"ன்னேன். "முந்தி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல."

டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. இவ கோவிச்சுக்குவான்னு நெனச்சேன். கோவிச்சுக்கல. தாடையில இருந்து கைய எடுக்கவும் இல்ல.

"அது எனக்குத் தெரியுமுங்க"ன்னா. "இப்பப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதாங்க. பாத்துட்டே நின்னேன். எத்தனை நேரம்னு தெரியல. பொறவு நர்ஸம்மாதான், "போதுமுங்கய்யா, கட்டோணும்"னு சொல்லி வெளிய அனுப்புச்சு.

உங்க வீட்டுக்காரம்மா எங்க உக்காந்திருக்கறாங்க? அந்தத் தூணுக்குப் பக்கத்துல, பச்சைச் சேலையா? தனியாவா உக்கார வெச்சுட்டு வந்தீங்க? நான் முன்னால சொன்னதெல்லாம் விட்டுத்தள்ளுங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. எந்திரிங்க. போய் எதுத்தாப்புல உக்காந்து, நல்லா ஒரு தடவை பாத்து வெச்சுக்கோங்க. புண்ணு இருந்தா இருந்துட்டுப் போகுது.

போங்கன்னா. இங்க என்ற மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க.